நீக்கச் சொன்ன பெயர் ஏன் இன்னும் வருகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு வாசகர் பக்கத்தில் சூரமங்கலம் அன்பர் ஒருவர் எழுதியிருந்த கடிதத்தைப் படித்தேன். தங்கைக்கு அறுவை சிகிச்சை, ரத்தம் வேண்டும். கணினிப் பட்டியலில் தேடி ஏழு பேருக்குப் போன் போட்டிருக்கிறார். இரண்டு எண்கள் உபயோகத்தில் இல்லை. ஒருவர் சென்னைக்குக் குடிபோய் வருடக்கணக்காகிவிட்டது. இன்னொருவருக்கு ரத்த வகையே வேறு. "இதற்கு அந்தக் காலத்து நோட்டே மேல்" என்று முடித்திருந்தார். அவருடைய கோபம் நியாயமானது. அவர் சொன்ன ஒவ்வொன்றும் நான் பார்த்துக்கொள்ளும் பட்டியலிலும் நடந்தது. ஏன் நடந்தது, எப்படிச் சரிசெய்தோம் என்று எழுதினால், சேலத்தில் இப்படிப் பட்டியல் வைத்திருக்கும் மற்றவர்களுக்கு உதவும். கடிதம் கொஞ்சம் நீளம். இடம் ஒதுக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

நான் அம்மாப்பேட்டைக்காரி. பகலில் ஒரு ஜவுளி அலுவலகத்தில் தரவுத்தளம் பார்க்கும் வேலை, பத்தொன்பது வருடமாகிறது. சனி, ஞாயிறுகளில் ஒரு ரத்தக் கொடையாளர் குழுவின் பட்டியலைப் பார்த்துக்கொள்கிறேன். குழுவின் பெயரை எழுதவில்லை. கீழே நான் சொல்லப்போகும் வீட்டாரை யாரும் அடையாளம் கண்டுகொள்ளக் கூடாது என்பதுதான் காரணம்.

போன ஆடியில் ஒரு திங்கட்கிழமை காலை. டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஒரு பெண் குரல். "அக்கா, அவர் பேர எடுத்துரச் சொல்லி மூணு மாசமாச்சுங்களே. நேத்து ராத்திரி பதினோரு மணிக்கு மறுபடியும் ஒருத்தர் கூப்புட்டு, சார் இருக்காருங்களா, பி நெகட்டிவ் அவசரமா வேணும்ங்கறாரு. நான் என்னன்னுங்க சொல்றது? பசங்க எந்திரிச்சு உக்காந்துட்டாங்க."

அவருடைய கணவர் 31 முறை ரத்தம் கொடுத்தவர். சித்திரையில் மாரடைப்பில் போய்விட்டார். காரியம் முடிந்த மறுவாரமே அந்த அம்மா எங்கள் குழுவுக்குப் போன் செய்து பெயரை எடுக்கச் சொல்லியிருக்கிறார். அன்று என்னிடம் அவர் கோபப்படவில்லை. வைக்கும்போது, "அந்தப் பேஷண்டுக்குக் கெடச்சுதாங்க்கா?" என்று கேட்டார். மதியம் விசாரித்தேன். வேறு இரண்டு பேர் போய்க் கொடுத்திருந்தார்கள். அதை அவருக்குச் சொன்ன பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கியது.

மாலையில் கணினியைத் திறந்து அட்டவணையைப் பார்த்தேன். அவர் பெயர் இல்லை. சொன்ன அன்றே எங்கள் தன்னார்வலர் ஒருவர் அழித்திருக்கிறார், பதிவு இருக்கிறது. அப்புறம் பொதுமக்கள் பயன்படுத்தும் தேடல் பெட்டியில் அவர் பெயரை அடித்தேன். முதல் வரியிலேயே வந்தது. பெயர், பி நெகட்டிவ், ஊர், இப்போது அவர் மனைவி கையில் இருக்கும் அந்த எண்.

அட்டவணை வேறு, தேடல் வேறு. இது பலருக்குத் தெரிவதில்லை. பட்டியல் வைத்திருப்பவர்களுக்கே தெரிவதில்லை.

என் அப்பா செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் ஒரு ஜவ்வரிசி மண்டியில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். அவர் மேசையில் இரண்டு கணக்குகள் இருக்கும். நடந்ததை நடந்த வரிசையில் எழுதுவது நாள்வழி. அதிலிருந்து எடுத்து ஆள்வாரியாக ஏற்றுவது பேரேடு. ஆத்தூர் வியாபாரி வந்து "என் பாக்கி எவ்வளவு?" என்று கேட்டால் நாள்வழியைப் புரட்டிக்கொண்டிருக்க முடியாது, பேரேட்டில் அவர் பக்கத்தைத் திருப்பினால் போதும். ஆனால் பேரேட்டுக்குத் தானாக எதுவும் தெரியாது. வரவு வந்ததை நாள்வழியில் எழுதிவிட்டு, பேரேட்டில் ஏற்ற மறந்தால், கொடுத்தவரும் கடன்காரராகவே நிற்பார்.

கணினியிலும் இதே கதைதான். பெயர், எண், தேதி எல்லாம் வரிவரியாக அட்டவணைகளில் இருக்கும். ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த எட்கர் காட் 1970இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்த முறை இது. உண்மையான கணக்கு இங்கேதான். ஆனால் அட்டவணையில் ஒரு சொல்லை எங்கிருந்தாலும் கண்டுபிடி என்று சொல்வது அதற்குச் சிரமமான வேலை. அகராதியில் "கா" என்று தொடங்கும் சொற்களை உடனே எடுத்துவிடலாம், "காடு" என்று முடியும் சொற்களை எடுக்க முழு அகராதியையும் படித்தாக வேண்டும் அல்லவா? அதுபோல. அதற்காகத்தான் பக்கத்தில் தேடல் அடைவு என்று ஒன்றை வைக்கிறார்கள். பழைய இலக்கியப் பதிப்புகளின் கடைசியில் சொல்லடைவு இருக்குமே, எந்தச் சொல் எந்தெந்தப் பாட்டில் வருகிறது என்று, அதே ஏற்பாடு. 1999இல் டக் கட்டிங் எழுதிய லூசீன் என்ற நிரல்தான் இன்று புழக்கத்தில் உள்ள பல தேடல் அமைப்புகளுக்கு அடித்தளம். சோலர் அதன் மேல் கட்டியது. 2010இல் வந்த எலாஸ்டிக்சர்ச்சும் அப்படித்தான். எங்கள் குழு வைத்திருப்பது மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள நிரலில் அட்டவணை, தேடலுக்கு எலாஸ்டிக்சர்ச்.

நாலாயிரம் பெயருக்கு இவ்வளவு தேவையா என்று கேட்கலாம். வேகத்துக்காக வைக்கவில்லை. பதற்றத்தில் இருப்பவர் ஊரையும் ரத்த வகையையும் ஒரே பெட்டியில், எழுத்துப்பிழையோடு அடித்தாலும் ஆள் கிடைக்க வேண்டும் என்று வைத்தது.

அட்டவணையிலிருந்து அடைவுக்குச் செய்தி எப்படிப் போகிறது? எங்களுக்கு அமைத்துக் கொடுத்தவர் லாக்ஸ்டாஷ் என்ற நிரலைப் போட்டிருந்தார். அது தினமும் இரவு இரண்டு மணிக்கு வரும். "நேற்று நான் வந்து போன பிறகு மாறிய வரிகள் எவை?" என்று அட்டவணையைக் கேட்கும். ஒவ்வொரு வரியிலும் கடைசியாக மாற்றிய நேரம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதைப் பார்த்து, புதிதாகச் சேர்ந்ததும் திருத்தியதும் அடைவுக்குப் போகும். சரி, அழித்த வரி? அது அங்கே இல்லவே இல்லை, எப்படிக் கை தூக்கும்? வகுப்பில் ஆசிரியர் பதிவேட்டை வைத்துப் பெயர் கூப்பிடுகிறார், அதனால் வராத பிள்ளை யார் என்று தெரிகிறது. இங்கே பெயர் கூப்பிடுவதே கிடையாது. கை தூக்கியவர்களை மட்டும் எழுதிக்கொண்டு நிரல் போய்விடுகிறது. அழித்தவர் அடைவில் அப்படியே இருந்துகொண்டிருக்கிறார், மூன்று மாதம் அல்ல, முப்பது வருடமானாலும்.

அன்றிரவு இரண்டையும் எண்ணினேன். அட்டவணையில் 4,186 பேர், தேடலில் 4,233 பேர். வித்தியாசம் 47. அப்பா ஐந்தொகை போட்டு ஒரு ரூபாய் உதைத்தால்கூட வீட்டுக்கு வரமாட்டார், எந்த வரியில் உதைக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். நானும் வரிசை எண்களை ஒன்றுக்கொன்று ஒப்பிட்டேன். அப்போதுதான் தெரிந்தது, அதிகமாக இருந்தவர்கள் 47 பேர் இல்லை, 52 பேர். அட்டவணையில் இருந்தும் தேடலில் வராதவர்கள் ஐந்து பேர். கூட்டிக் கழித்ததில் அந்த ஐந்தும் மறைந்துபோயிருந்தது. வெறும் எண்ணிக்கையை மட்டும் ஒப்பிட்டு நிம்மதி அடைபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

52 பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தேன். பதினொரு பேர் இறந்தவர்கள். பத்தொன்பது பேர் 65 வயதைத் தாண்டியதால் நாங்களே எடுத்தவர்கள். மீதி இருபத்திரண்டு பேர் வெளியூர் போனவர்களும் "என் எண்ணை எடுத்துவிடுங்கள்" என்று கேட்டவர்களும். கேட்டவர்களிடம் "எடுத்துவிட்டோம்" என்று பதிலும் அனுப்பியிருக்கிறோம். அந்தப் பதில் பொய்யாகிவிட்டது. தன்னைப் பற்றிய தகவலை அழிக்கக் கோரும் உரிமைக்கு 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இடமிருக்கிறது. சட்டம் இருக்கட்டும், ஒருவர் நம்பிக் கொடுத்த எண் அது.

அந்த ஐந்து பேரின் கதை வேறு. ஒரு முகாமில் சேர்ந்தவர்கள். முகாமில் காகிதத்தில் எழுதி, பிறகு எக்செல்லில் அடித்து, பத்து நாள் கழித்து மொத்தமாக அட்டவணையில் ஏற்றியிருக்கிறார்கள். "மாற்றிய நேரம்" கட்டத்தில் முகாம் நடந்த தேதியே போய் உட்கார்ந்துவிட்டது. இரவு வரும் நிரலின் கண்ணுக்கு அது பழைய தேதி, தொடாமல் போய்விட்டது. ரத்தம் கொடுக்கத் தயாராக இருந்த ஐந்து பேர், யாரும் கூப்பிடாமல் எட்டு மாதம் இருந்திருக்கிறார்கள்.

சரிசெய்த விதத்தைச் சொல்கிறேன். இப்போது யாரையும் நேரடியாக அழிப்பதில்லை. "நீக்கு" என்று ஒரு கட்டம் வைத்து அதில் குறியிடுகிறோம். வரி அங்கேயே இருப்பதால் அதுவும் கை தூக்கும், நிரல் அதைப் பார்த்து அடைவிலிருந்து எடுக்கும். அடைவிலிருந்து போனது உறுதியான பிறகு அட்டவணை வரியையும் முழுதாக அழிக்கிறோம். இது தவிர வாரம் ஒருமுறை, சனிக்கிழமை இரவு, அடைவு முழுவதையும் முதலிலிருந்து புதிதாகக் கட்டுகிறோம். பழையதைக் கலைத்துவிட்டுக் கட்டுவதில்லை. பக்கத்தில் புதிதாக ஒன்றைக் கட்டி, சரிபார்த்து, தேடல் பெட்டி பார்க்கும் பெயர்ப்பலகையை மட்டும் புதியதற்கு மாற்றுகிறோம். தேடுபவருக்கு ஒரு நொடிகூடத் தடை இல்லை. நாலாயிரம் பெயரைக் கட்ட ஒரு நிமிடம் ஆகாது. இத்தனை சுலபமான வேலையை இத்தனை நாள் செய்யாமல் இருந்தோமே என்பதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

இதைவிட நேர்த்தியான வழியும் உண்டு. மைஎஸ்க்யூஎல் தனக்கென்று ஒரு நாள்வழி எழுதுகிறது, பின்லாக் என்பார்கள். சேர்த்தது, திருத்தியது, அழித்தது எல்லாம் நடந்த வரிசையில் அதில் இருக்கும். டெபீசியம் போன்ற நிரல் அந்த நாள்வழியையே படித்து, நடந்தது நடந்தவுடன் அனுப்பிவிடும். அழித்ததும் அதில் ஒரு பதிவுதான் என்பதால் தப்பாது. என் அலுவலகத்தில் இதைத்தான் வைத்திருக்கிறோம். ஆனால் அதைக் கவனித்துக்கொள்ள ஆள் வேண்டும். மைஎஸ்க்யூஎல் 8இல், நாமாக மாற்றாவிட்டால், பின்லாக் 30 நாள்தான் இருக்கும். படிக்கும் நிரல் அதற்குமேல் படுத்துவிட்டால் விட்ட இடத்தைப் பிடிக்க முடியாது. சம்பளம் வாங்காமல் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கும் நாலு பேருக்கு அது அதிகச் சுமை. சின்னக் குழுக்களுக்கு வாராந்தர மறுகட்டுமானமே போதும் என்பது என் அபிப்பிராயம். "அட்டவணையிலும் அடைவிலும் ஒரே நேரத்தில் எழுதிவிட்டால் என்ன?" என்று சிலர் கேட்பார்கள். ஒன்றில் எழுதி மற்றொன்றில் எழுதும்முன் கரண்ட் போனால் கதை முடிந்தது. எது தவறியது என்று சொல்ல ஆள் இருக்காது.

சூரமங்கலம் அன்பருக்குக் கிடைத்த உபயோகமற்ற எண்களுக்கு வருகிறேன். எங்கள் தரவுத்தளத்தில் பெயர் ஒரு அட்டவணை, கைபேசி எண் இன்னொன்று, ரத்தம் கொடுத்த தேதிகள் மூன்றாவது. ஒருவருக்கு இரண்டு எண் இருக்கலாம், முப்பது தடவை கொடுத்திருக்கலாம், அதனால் பிரித்து வைப்பதுதான் முறை. அடைவுக்கு இது ஒத்துவராது. அதற்கு ஆளுக்கு ஒரு தாள், எல்லாம் அந்தத் தாளிலேயே இருக்க வேண்டும். ஆகவே ஏற்றும்போது மூன்றையும் சேர்த்து ஒரு தாளாக்கி அனுப்புகிறோம். இப்போது ஒருவர் எண்ணை மாற்றுகிறார். மாறுவது எண் அட்டவணையின் வரி மட்டும்தான். பெயர் அட்டவணையில் மாற்றிய நேரம் பழசாகவே நிற்கும். நிரல் பெயர் அட்டவணையை மட்டும் பார்த்து, இவரிடம் மாற்றமில்லை என்று தாண்டிவிடும். கொடையாளர் பொறுப்பாகப் புதிய எண்ணைச் சொன்னார், தன்னார்வலரும் சரியாகத் திருத்தினார், தேடுபவருக்கு மட்டும் பழைய எண். மூன்று அட்டவணைகளில் எது கடைசியாக மாறியதோ அந்த நேரத்தைப் பார்க்கும்படி கேள்வியை மாற்றி எழுதிய பிறகு இது நின்றது.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு குழி. ஆண்கள் ஒருமுறை ரத்தம் கொடுத்தால் 90 நாள் கழித்துத்தான் அடுத்து கொடுக்கலாம், பெண்கள் 120 நாள். எங்கள் அடைவில் "தகுதி உண்டா" என்று ஒரு கட்டம் இருந்தது. ஏற்றும் அன்று கணக்குப் போட்டு "இல்லை" என்று எழுதிவிடும். தொண்ணூறு நாள் ஓடிய பிறகு? அவருடைய வரியில் யாரும் எதையும் மாற்றவில்லை, நாள்தான் மாறியிருக்கிறது. அடுத்து யாராவது அவர் வரியைத் தொடும்வரை அவர் தகுதியற்றவராகவே கிடப்பார். தகுதியை எழுதி வைக்கக் கூடாது. கடைசியாகக் கொடுத்த தேதியை மட்டும் வைத்துக்கொண்டு, தேடும் அன்றைக்கு எத்தனை நாளாகிறது என்று பார்க்க வேண்டும். காலண்டர் நகர்வதை அட்டவணை யாருக்கும் சொல்லாது.

வேறு வகை ரத்தம் என்று அவர் எழுதியிருந்ததும் எங்களுக்கு நடந்தது, அதை விவரமாகவே சொல்ல வேண்டும். தேடல் அமைப்பு ஒரு வரியைச் சொற்களாக நறுக்கும்போது காற்புள்ளி, கேள்விக்குறி, கூட்டல் குறி, கழித்தல் குறி எல்லாவற்றையும் உதறிவிடும். செய்திக் கட்டுரையைத் தேட அது சரிதான். ரத்த வகைக்கு அந்தக் குறிதான் உயிர். ஆங்கில எழுத்து ஓ போட்டுப் பக்கத்தில் மைனஸ் போட்டிருப்பார்கள். நறுக்கியபின் மிஞ்சுவது ஓ மட்டும். பாசிட்டிவும் நெகட்டிவும் ஒன்றாகிவிட்டன. நம் நாட்டில் ஓ பாசிட்டிவ் தெருவுக்குத் தெரு இருப்பார்கள், ஓ நெகட்டிவ் அபூர்வம். தேடியவருக்கு முதல் இருபது பெயரும் பாசிட்டிவ். இதனால் யாருக்கும் தவறான ரத்தம் ஏறிவிடாது, ரத்த வங்கியில் வகை பார்த்து, பொருத்தம் பார்த்துத்தான் கொடுப்பார்கள். போனது நேரம். ஒரு பிரசவத்தில் அரைமணி நேரம் என்றால் என்ன என்று பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஏ வகையின் கதி இன்னும் மோசம். ஆங்கிலத்தில் அது ஒரு சின்ன இணைப்புச் சொல், தேடலுக்கு உதவாத சொல் என்று ஆங்கிலத்துக்கான நறுக்கி அதை அடியோடு தள்ளிவிடும். மைஎஸ்க்யூஎல்லின் சொந்தத் தேடலைப் பயன்படுத்தினாலும் இதே கதை, மூன்றெழுத்துக்குக் குறைந்த சொற்களை அது வழக்கமாகக் கணக்கிலேயே எடுப்பதில்லை. எனவே ரத்த வகையைச் சொல்லாக நறுக்க விடவே கூடாது, முழுசாக ஒரு குறியீடாக வைக்க வேண்டும். பெட்டியில் அடிக்கவும் விடக் கூடாது. இருப்பது எட்டு வகை, தொட்டுத் தேர்ந்தெடுக்க எட்டுப் பொத்தான் போதும். நாங்கள் ஒன்பதாவதாகப் பம்பாய் வகைக்கும் ஒன்று வைத்திருக்கிறோம். 1952இல் பம்பாயில் கண்டறியப்பட்டது அது. வழக்கமான சோதனையில் ஓ போலவே காட்டும், ஆனால் அவர்களுக்கு அதே வகையினரின் ரத்தம்தான் சேரும்.

அப்புறம் ஏற்காடு. மலையில் ஒரு சிற்றூரிலிருந்து ஒரு கர்ப்பிணியைக் கீழே கொண்டு வருகிறார்கள். இருபது கொண்டை ஊசி வளைவு, ராத்திரி, பனி. அவர் அண்ணன் வண்டியில் இருந்தபடியே கைபேசியில் தேடுகிறார். மலையிலேயே ஒருவர் கிடைத்தால் அதே வண்டியில் ஏற்றி வந்துவிடலாம் அல்லவா? "ஏற்காட்டில்" என்று அடித்திருக்கிறார். ஒருவரும் இல்லை என்று வந்தது. எங்கள் பட்டியலில் ஏற்காட்டுக்காரர்கள் அப்போது முப்பத்தெட்டு பேர்.

ஏன் வரவில்லை? "ஏற்காடு" என்று அட்டவணையில் இருக்கிறது, அவர் அடித்தது "ஏற்காட்டில்". நமக்கு இரண்டும் ஒரே ஊர். கணினிக்கு டுவும் ட்டியும் வேறு வேறு எழுத்து. தமிழில் வேற்றுமை உருபு சேரும்போது சொல்லின் உடம்பே மாறுகிறது. அதை நிரலுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஸ்னோபால் என்ற திறந்த மூலத் தொகுப்பில் தமிழுக்கு வேர்ச்சொல் பிரிக்கும் நிரல் இருக்கிறது, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் 2019இல் வந்த 12ஆம் பதிப்பிலிருந்தே அது கூடவே வருகிறது. அமைத்துக் கொடுத்தவர் அதைத் தேடிப் பார்க்கவில்லை. ஆங்கிலத்துக்கான அமைப்பைத் தமிழ்ப் பட்டியலுக்கு அப்படியே போட்டுவிட்டார்.

அந்த முப்பத்தெட்டு பேரிலும் ஒன்பது பேருக்கு "ஏர்காடு", நாலு பேருக்கு "ஏற்க்காடு". பிழை பொறுக்கும் தேடல் என்று ஒரு வசதி உண்டு, ஓரிரு எழுத்து மாறினாலும் எடுத்துக் கொடுக்கும். அதைப் போட்டுப் பார்த்தேன். ஏற்காடு சரியானது. ஆனால் ஓமலூர் என்று தேடினால் மதுரைப் பக்கத்து மேலூரும் சேர்ந்து வந்தது, இரண்டுக்கும் இடையே இரண்டே எழுத்து வித்தியாசம் என்கிறது கணினி. எங்களிடம் மேலூர்க்காரர் ஒருவர் இருக்கிறார், இங்கே கல்லூரியில் படித்தபோது பதிந்தவர். நள்ளிரவில் அவரைக் கூப்பிட்டு என்ன பயன்? ஆகவே அந்த வசதியை ஊர்ப்பெயருக்கு நிறுத்திவிட்டு, நானும் இரண்டு கல்லூரிப் பிள்ளைகளும் உட்கார்ந்து கையாலேயே ஒரு பட்டியல் எழுதினோம். ஏற்காடு, ஏர்காடு, ஏற்காட்டில், ஏற்காட்டுக்கு எல்லாம் ஒன்று. செவ்வாய்ப்பேட்டை, செவ்வாப்பேட்டை, ஷெவாப்பேட்டை ஒன்று. அம்மாப்பேட்டை ஒற்று போட்டும் போடாமலும் ஒன்று. மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. ஊர் தெரிந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய வேலை அது, எந்த வெளியூர் நிறுவனமும் நமக்காகச் செய்து தராது.

கொண்டலாம்பட்டி என் கண்ணிலேயே மண்ணைத் தூவியது. அட்டவணையிலும் கொண்டலாம்பட்டி, நான் அடித்ததும் கொண்டலாம்பட்டி, எழுத்துக்கு எழுத்து ஒன்று. பாதிப் பேர் வரவில்லை. ஒரு முழு மாலை போனது. கடைசியில் எழுத்துகளை, கணினி தனக்குள் வைத்திருக்கும் குறியெண்ணாகப் பிரித்துப் பார்த்தேன். "கொ" என்பதில் உள்ள ஒகரக் குறியை, யூனிகோடு என்ற எழுத்துக் குறியெண் முறையில், ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், முன்னால் ஒற்றைக்கொம்பு பின்னால் கால் என்று இரண்டு குறியெண்ணாகவும் எழுதலாம். திரையில் ஒரே மாதிரி தெரியும். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய பட்டியலில் இரண்டு குறியெண், இப்போது கைபேசியில் அடிப்பதில் ஒன்று. ஏற்றும்போதும் தேடும்போதும் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் இயல்பாக்கம் என்ற ஒரு படி உண்டு. ஒரே வரியில் எழுதிவிடலாம். அந்த ஒரு வரி இல்லாமல் கொண்டலாம்பட்டியில் பாதி ஊர் இரண்டு வருடம் காணாமல் போயிருந்தது.

எந்தக் குழுவையும் எந்த நிறுவனத்தையும் குறைசொல்ல இதை எழுதவில்லை. பட்டியல் வைத்திருக்கும் அமைப்புகள் காசு கொடுத்து அமைத்துக்கொள்ளும்போது, தேடல் பெட்டி அழகாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். நாங்களும் அப்படித்தான் வாங்கினோம். கணினி தெரியாதவர்களும் செய்யக்கூடிய ஒரு சோதனை சொல்கிறேன். உங்கள் சொந்த எண்ணைப் போட்டு ஒரு சோதனைப் பெயரை, கொண்டலாம்பட்டி என்றோ ஏற்காடு என்றோ ஊர் கொடுத்துப் பதியுங்கள். மறுநாள் தேடுங்கள், ஏற்காட்டிலிருந்து என்றும் அடித்துப் பாருங்கள். எண்ணை மட்டும் மாற்றுங்கள். மறுநாள் புதிய எண் வருகிறதா? பிறகு பெயரை அழியுங்கள், அடுத்த நாள் காலை மறுபடியும் தேடுங்கள். இன்னும் வந்தால் பாக்கித் தொகையைக் கொடுக்காதீர்கள். நான்கு நாள் வேலைதான். ஒப்பந்தத்திலேயே இதை எழுதி வாங்கிவிட்டால் இன்னும் நல்லது.

சூரமங்கலம் அன்பருக்கு ஒரு வேண்டுகோள். நோட்டுக்குத் திரும்ப வேண்டாம் ஐயா. நோட்டிலும் இறந்தவர் பெயரை யாராவது பேனா எடுத்து அடித்தால்தான் உண்டு. நீங்கள் தேடிய பட்டியலை நடத்துபவர்களிடம் அந்த ஏழு எண்களையும் கொடுத்து, எது ஏன் தவறியது என்று கேளுங்கள். நான்கு தவறுகளுக்கும் காரணம் கண்டுபிடிக்க முடியும்.

சேலம் மாவட்டத்தில் ரத்தக் கொடையாளர் பட்டியல் வைத்திருக்கும் எந்தக் குழு கூப்பிட்டாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அட்டவணையையும் அடைவையும் ஒப்பிட்டுப் பார்த்துத் தருகிறேன், பணம் வேண்டாம். நாங்கள் எழுதிய ஊர்ப்பெயர்ப் பட்டியலையும் தருகிறோம். ஏற்காட்டு மலைக் கிராமங்களின் பெயர்கள் அதில் இன்னும் முழுமையாகவில்லை. மலையில் இருப்பவர்கள் தங்கள் ஊரை எத்தனை விதமாக எழுதுவார்கள் என்று எழுதி அனுப்பினால் சேர்த்துக்கொள்வோம். என் கைபேசி எண்ணை உங்கள் சேலம் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். கேட்பவர்களுக்கு அங்கிருந்து தரலாம், அச்சில் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அம்மாப்பேட்டை, சேலம்.